குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்

படிவம் கேட்டது: குடும்பப் பெயர்.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாதுங்க,
இனிஷியல்தான். மா. பூங்கோதை.
கட்டம் சிவந்து நின்றது,
ஒற்றை எழுத்தை அது பெயராக மதிக்காது.
மாரப்பன் என்று விரித்து அடித்தேன்.
பச்சையானது.

அன்று முதல் வில்னியஸிலிருந்து வரும் கடிதமெல்லாம்
அன்புள்ள திரு. மாரப்பன் என்றே தொடங்குகிறது.
அப்பா போய்ப் பதினோரு வருசம்.
அவருக்கு இருந்த ஒரே கணக்கு
சொசைட்டியில் உரக்கடன்.
இப்போது யூரோவில் ஒன்று, பவுண்டில் ஒன்று,
போலந்துக்காரருக்காக ஸ்லாட்டியில் ஒன்று,
டென்மார்க் குரோனரில் ஒன்று.
அதில் இன்னும் காலணா விழவில்லை.

காங்கயம் ரோட்டுக் கிளை மேனேஜர் சொன்னார்:
அது பேங்க் இல்லீங்க மேடம்,
மின்பணம் வச்சிருக்கற கம்பெனி.
வட்டி கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது,
ஒண்ணுன்னா ஏறிப்போய்த் தட்ட ஒரு கதவு கிடையாது.

அவர் கதவு எனக்குத் தெரியும்.
போன சீசனில் யூரோ அதற்குள் நுழைவதற்குள்
நடுவில் பெயர் தெரியாத இரண்டு பேங்க்
ஆளுக்கொரு கிள்ளு கிள்ளிக்கொண்டன.
மிச்சத்தை இவர் தன் ரேட்டில் மாற்றினார்.
ஏனுங்க இந்த ரேட் என்றதற்கு
ஹெட் ஆபீஸ் என்று மேலே கையைக் காட்டினார்.
மேலே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சரக்கு, குழந்தைகளின் இரவு உடுப்பு.
ஆறு மாசம் முதல் ரெண்டு வயசு வரை,
தோளில் மூன்று பிரஸ் பட்டன்,
நெஞ்சில் ஒரு நரி, பனியில் நிற்கிறது.
பனி பார்த்தவர் எங்கள் பட்டறையில் ஒருவர்தான்,
இமாச்சலில் ரோடு போட்டுவிட்டு வந்த ஒடிசாக்காரர் சரத்.
வெள்ளை போதாது அக்கா, நீலம் கொஞ்சம் விடுங்க என்றார்.
விட்டோம்.
பையர் அந்த நீலத்தைத்தான் பாராட்டி எழுதினார்.

பணம் வியாழக்கிழமை வந்தது. வந்து, நின்றது.
அன்புள்ள திரு. மாரப்பன்,
இத்தொகையின் மூலம் என்ன?
இறுதிப் பயனாளி யார்?
இன்வாய்ஸ் அனுப்பினேன், ஷிப்பிங் பில் அனுப்பினேன்,
தூத்துக்குடியில் கப்பலேறிய காகிதம் அனுப்பினேன்.
நூறு சதவீதம் பூங்கோதை மாரப்பன் என்று டிக் அடித்தேன்.
போதாது. முகம் வேண்டும்.
பாஸ்போர்ட்டைக் கன்னத்தோடு பிடி,
இடம் திரும்பு, வலம் திரும்பு, கண் சிமிட்டு.
முகம் தெளிவாக இல்லை.
மறுபடி.
முகம் தெளிவாக இல்லை.
கண்ணாடியில் பார்த்தால் புருவமெல்லாம் பஞ்சு;
ஆள் வராததால் அன்று நானே ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தேன்.
கழுவிவிட்டு வந்து சிமிட்டினேன்.

காத்திருந்த ராத்திரியில்
நாற்பத்தொரு பக்க நிபந்தனையைப் படித்தேன்.
யாராவது படித்திருப்பார்களா தெரியவில்லை.
பதினேழாம் பக்கம்:
உங்கள் பணம் எங்களிடம் இருக்கும், எங்களுடையதல்ல.
எங்கள் பணத்தோடு கலக்க மாட்டோம்,
கடனுக்குக் கொடுக்க மாட்டோம்,
நாங்கள் நொடித்தாலும் அது தனியே நிற்கும்.

நொடித்தாலும்.
திருப்பூரில் அந்தச் சொல்லை
எவனும் எழுதித் தரமாட்டான்.
வாயால்கூடச் சொல்லமாட்டான்,
ராசி போய்விடும்.

எழுந்து பீரோவைத் திறந்தேன்.
சனிக்கிழமைச் சம்பளம்,
முப்பத்தாறு பேரின் பீஸ் கணக்கு.
புதன்கிழமை அதிலிருந்து உருவித்தான்
சாயப்பட்டறைக்குக் கொடுத்திருந்தேன்,
யூரோ வந்ததும் வைத்துவிடலாம் என்று.
ரப்பர்பேண்டு நாலு சுற்றுச் சுற்றியும் தொளதொளவென்றிருந்தது.

வெள்ளி இரவு பதினொன்றே முக்காலுக்கு
திரு. மாரப்பனின் தொகை விடுவிக்கப்பட்டது.
காலை வரை பொறு, ஒன்பது பைசா ஏறும்
என்றான் அத்தை மகன் வாட்ஸப்பில்.
அப்போதே மாற்றினேன்.

திங்கட்கிழமை காங்கயம் ரோட்டுக்குப் போய்
சம்பளத்துக்கென்று தனிக் கணக்கு கேட்டேன்.
எதுக்குங்க மேடம், இருக்கறதே போதுமே என்றார் மேனேஜர்.
கலந்துடுதுங்க என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. படிவம் எடுத்துக் கொடுத்தார்.
மா. பூங்கோதை.
கட்டம் ஒன்றும் சொல்லவில்லை.